வில்லனின் மூளையைக் கழுவினால் அவன் திருந்தியவனா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாக்பூர் வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாது. எட்டாவது படிக்கும் பையன் பழைய ஜஸ்டிஸ் லீக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். 2003-ல் வந்த 'எ பெட்டர் வேர்ல்ட்' என்ற கதை. வேறொரு உலகத்து சூப்பர்மேன், கண்ணிலிருந்து வரும் வெப்பக் கதிரால் வில்லன்களின் மூளையில் சூடு வைத்துவிடுகிறான். ஊரையே நடுங்க வைத்த ஜோக்கர் நெற்றியில் இரண்டு தழும்போடு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி மரியாதையாகப் பேசுகிறான்.

பையன் கேட்டான்: "இதுல என்னப்பா தப்பு? அவன்தான் நல்லவனாயிட்டானே. எல்லாருக்கும் இப்படிப் பண்ணிட்டா ஜெயிலே வேண்டாமே?"

"தப்புதான்டா" என்றேன். "ஏன்?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை. கிச்சனில் இருந்து தங்கமணி, "லோன் அப்ளிகேஷன்ல மட்டும் நூறு கேள்வி கேப்பீங்க, புள்ள ஒண்ணு கேட்டா முழிக்கிறீங்க" என்று வேறு சொல்லியாயிற்று. அன்றிலிருந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது புது யோசனை இல்லை. 1933-ல் அமெரிக்காவில் வர ஆரம்பித்த டாக் சாவேஜ் கதைகளில், ஹீரோ பிடித்த குற்றவாளிகளை நியூயார்க் மாநிலத்தில் ஒரு ரகசிய இடத்துக்கு அனுப்புவார். அங்கே மூளையில் ஆபரேஷன் செய்து பழைய ஞாபகத்தை அழித்து, ஒரு தொழிலும் கற்றுக்கொடுத்து வெளியே விடுவார்கள். அன்றைய வாசகர்களுக்கு இது தயவான காரியமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். நிஜ உலகமும் அந்த வழியில்தான் போனது. 1935-ல் போர்ச்சுகல் டாக்டர் எகாஸ் மோனிஸ் மனநோயாளிகளுக்கு மூளை நரம்பைத் துண்டிக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். 1949-ல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். அப்புறம்தான் நோயாளிகள் பலர் அமைதியானது குணமாகி அல்ல, உள்ளே ஏதோ அணைந்துபோய் என்று புரிந்தது.

காமிக்ஸ்காரர்களுக்கும் பின்னாளில் சந்தேகம் வந்தது. 1985-86-ல் மார்க் க்ரூன்வால்ட் எழுதிய 'ஸ்க்வாட்ரன் சுப்ரீம்' பன்னிரண்டு இதழ்களில் வந்தது. உலகத்தையே ஒழுங்குபடுத்தப் போகிறோம் என்று கிளம்பும் ஹீரோக்கள், குற்றவாளிகளின் குணத்தை மாற்ற ஒரு மெஷின் செய்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கொஞ்ச நாளில் அவர்களில் ஒருவனே, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ள மறுத்த பெண்ணை அதே மெஷினில் உட்கார வைத்துத் தன்னைக் காதலிக்க வைத்துவிடுகிறான். திருடனுக்கென்று செய்த மெஷின், சரியாக ஒரு நிராகரிப்பில் வந்து நின்றது.

இன்னொன்று 2004-ல் வந்த 'ஐடென்டிட்டி க்ரைசிஸ்'. பிராட் மெல்ட்சர் எழுதியது. வேலையில் சேர்ந்த புதிதில், மும்பை ஃபவுண்டன் பக்கம் நடைபாதைக் கடையில் வாங்கிப் படித்தேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற புத்தகம் இல்லை. டாக்டர் லைட் என்ற வில்லன் ஒரு ஹீரோவின் மனைவியை நாசம் செய்துவிடுகிறான். மறுபடி வருவேன் என்றும் மிரட்டுகிறான். கொதித்துப்போன ஹீரோக்கள் ஓட்டெடுப்பு நடத்தி, ஜடானா என்ற மந்திரக்காரியை வைத்து அவன் ஞாபகத்தை அழித்து, குணத்தையும் மாற்றப் பார்க்கிறார்கள். நடுவில் பேட்மேன் வந்துவிடுகிறான், தடுக்கப் பார்க்கிறான். உடனே அவன் ஞாபகத்தையும் அழித்துவிடுகிறார்கள்!

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. பேங்க்கில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது தெரிந்த கதை. ஒரு பொய் வவுச்சர் போட்டவன் அதோடு நிறுத்த முடியாது. அதை மறைக்க இரண்டாவது, அதைப் பார்த்துவிட்டவனைச் சரிக்கட்ட மூன்றாவது. ரகசியமாகச் செய்யவேண்டிய நல்ல காரியம் என்று ஒன்று இருந்தால், அதன் கணக்கைத் தோண்டிப் பார்ப்பது நல்லது.

"பாதிக்கப்பட்டவங்க பக்கம் நின்னு பாரு. அந்த மிருகத்தோட சுதந்திரம் யாருக்கு வேணும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் வீட்டில் நடந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். ஆனால் ஞாபகத்தை அழித்தவுடன் என்ன ஆகிறது? தான் செய்தது அவனுக்கே தெரியாது. வெட்கப்பட மாட்டான், மன்னிப்புக் கேட்க மாட்டான். பாதிக்கப்பட்டவள் மட்டும் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். ஜெயிலில் போட்டால் உடம்பைத்தான் பூட்டுகிறோம். செய்த குற்றம் அவனோடேயே உள்ளே இருக்கும். இது அவனுக்குக் கொடுத்த தண்டனை மாதிரியே தெரியவில்லை, விடுதலை மாதிரி இருக்கிறது.

சில வருஷம் முன்னால் விதர்பாவில் ஒரு சின்னக் கிளையில் இருந்தேன். அங்கே ஒரு கேஷியர். எனக்கு முன்பே வேறு ஊரில் கை நீட்டி மாட்டியவர். பணத்தைக் கட்டி, சஸ்பென்ஷனில் இருந்து, இன்க்ரிமென்ட் வெட்டுப்பட்டு, பல வருஷம் கழித்து மறுபடி கேஷில் உட்கார்ந்திருந்தார். இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். முதல் மாதம் எனக்குத் தூக்கமே இல்லை. அவர் தினமும் சாயங்காலம் எல்லாரும் போனபிறகும் கட்டுகளை இரண்டாம் தரம் எண்ணுவார். ஒருநாள் கேட்டுவிட்டேன். "சாப், அன்னைக்கு எடுத்தது இந்தக் கைதான். அது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு அந்த ஞாபகத்தை யாராவது அழித்திருந்தால் எதை வைத்து இரண்டாம் தரம் எண்ணுவார்? எடுக்க முடியாத ஆள் எடுக்காமல் இருப்பதில் என்ன இருக்கிறது? அவரால் எடுக்க முடியும். தினமும் சாயங்காலம் எடுக்காமல் வீட்டுக்குப் போனார். திருந்துவது என்று நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான்.

நம் சட்டமும் இந்த எல்லையை ஓரளவு போட்டு வைத்திருக்கிறது. 2010-ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதம் இல்லாமல் ஒருவருக்கு நார்கோ சோதனை, மூளை அலைச் சோதனை, பொய் கண்டறியும் சோதனை எதுவும் செய்யக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மனசுக்குள் எட்டிப் பார்க்கவே அனுமதி வேண்டும் என்றால், உள்ளே போய் மாற்றுவதற்கு?

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். கேஷியர் கதையை மட்டும் கவனமாகக் கேட்டான். பிறகு, "அப்ப நான் மொபைல் பாக்காம படிக்கணும்னா நீ வைஃபையை அணைக்கக்கூடாது, நானா வைக்கணும். கரெக்டா?" என்றான்.

மாட்டிக்கொண்டேன். ஊரில் என்றால் தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டு மாமா என்று பத்துப் பேர் கண்ணு இருக்கும். இங்கே இரண்டே பேர். பிள்ளை கெட்டுவிடுவானோ என்ற பயத்தில் நாமும் தினம் ஒரு ஜடானாவைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த வாரம் வைஃபையை அணைக்கவில்லை. முதல் இரண்டு நாள் பன்னிரண்டு மணி வரை விளையாடினான். மூன்றாம் நாள் பத்தரைக்குப் படுத்துவிட்டான். நாலாம் நாள் மறுபடி பன்னிரண்டு.

இன்னும் அணைக்காமல்தான் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் எப்படி?