புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை ‘ஜுகாட்’ என்று பாராட்டாதீர்கள்

இந்தியப் பட்டறைகளைப் பற்றிய ஆய்வெழுத்துகளில் ‘ஜுகாட்’ என்ற இந்திச் சொல் நிலைபெற்றுவிட்டது. கிடைத்ததைக் கொண்டு எப்படியோ ஒப்பேற்றிவிடும் திறமை என்ற பொருளில், பாராட்டாகவே அதை ஆள்கிறோம். பழைய கார் ஒன்றுக்கு அளவெடுத்துப் புதிய புரொப்பெல்லர் ஷாஃப்ட் செய்து பூட்டும் வேலைக்கு அச்சொல் சற்றும் பொருந்தாது என்பது என் கருத்து. அந்த வேலையில் ஒப்பேற்ற இடமே கிடையாது.

ஸ்ரீ சிட்டியில் இசுசு நிறுவனத்தின் ஆலை 2016இல் திறக்கப்பட்டது. இசுசு என்ற பெயர் நம் சாலைகளுக்கு அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் அம்பாசிடரில் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சினையும் ஐந்து கியர் கொண்ட பெட்டியையும் பொருத்தி விற்றது. 2014இல் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. இன்று பழைய மார்க் 2 வைத்திருப்போரில் சிலர் அந்த எஞ்சினையும் கியர் பெட்டியையும் தேடிப்பிடித்துத் தம் வண்டியில் ஏற்றுகிறார்கள். கியர் பெட்டி மாறினால் அதன் வால்முனை நிற்கும் இடமும் மாறும். பழைய ஷாஃப்ட் அதற்கு எட்டாது, அல்லது மிஞ்சும். வேலை லேத்துப் பட்டறைக்குப் போகிறது.

அங்கே நடப்பதைக் கவனியுங்கள். அம்பாசிடரின் பின் அச்சு பட்டை வில்களின் மேல் மேலும் கீழும் ஆடுவது. அது ஆடும்போது கியர் பெட்டிக்கும் அச்சுக்கும் இடையிலான தூரம் நீண்டு சுருங்கும். ஆகையால் ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்கள் தொங்கும் நிலையில் எடுத்த அளவு பயன்படாது. வண்டியின் எடை முழுதும் சக்கரங்களில் இறங்கி நிற்கும்போது எடுக்க வேண்டும். ஸ்ப்லைன் முனை முழுதும் உள்ளே முட்டிவிடாமல் ஏறத்தாழ ஓரங்குலம் இடம் விட வேண்டும். அடுத்தது கோணம். சாய்ந்து சுழலும் ஒரு கிராஸ் ஜாயின்ட்டில், உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியேறும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறையும். ராபர்ட் ஹூக் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்த இயல்பு இது. அந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனை ஜாயின்ட் ஈடுசெய்ய வேண்டுமானால், இருமுனைக் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். குழாயில் பற்றவைத்த இரு யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கோணமே இல்லாமல் நேர்கோட்டில் வைத்துவிட்டாலும் கேடுதான்: ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தை அழுத்திப் பள்ளம் விழும். பற்றவைத்த பின் பெண்டு எடுத்து, பேலன்சிங் பார்த்தாக வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் வேகம் கூடியதும் வண்டியின் தரை அதிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மொழியியல் படித்தவளாக என்னை ஈர்ப்பது இவ்வேலையின் சொற்கள். எட்டில் ஓர் அங்குலத்துக்கு நம் பட்டறைகளில் ‘நூல்’ என்று பெயர். தேய்ந்த ஜாயின்ட்டில் உள்ள தளர்ச்சி ‘ஆட்டம்’. கோணல் நீக்குவது ‘பெண்டு எடுப்பது’. ஆங்கிலப் பெயரும் தமிழ் வினையும் சேர்ந்த அழகான கூட்டுவினை. இவை துல்லியமான சொற்கள். ஒவ்வொன்றும் ஓர் அளவையோ, ஒரு பழுதையோ, ஒரு செயலையோ பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. நாமோ ஷாஃப்ட்டுக்கு ‘செலுத்துத்தண்டு’ போன்ற பெயரை ஆக்கிவிட்டால் கலைச்சொல் கடமை முடிந்ததென்று எண்ணுகிறோம். எடை இறங்கிய பிறகே அளவெடு என்ற விதி எந்தச் சொல்தொகுதியிலும் ஏறுவதில்லை.

அசல் வடிவமே மரபு, மாற்றியது மரபன்று என்பாரும் உண்டு. 2021இன் பழங்கால ஊர்தி விதிகள், 50 ஆண்டு கடந்த வண்டியின் அடிச்சட்டமும் உடலும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும் என்கின்றன. இசுசு எஞ்சின் ஏற்றிய மார்க் 2க்கு ‘விஏ’ எழுத்துப் பதிவெண்ணை எதிர்பார்க்க முடியாது, அது நியாயமே. ஆனால் அந்த வண்டியை ஓடவைக்கும் அறிவு ஆவணப்படுத்தத் தகாதது என்று அதனால் ஆகிவிடாது.

இசுசு ஆலை நிற்கும் அதே ஸ்ரீ சிட்டியில் ஐஐஐடி 2013 முதலும் கிரியா பல்கலைக்கழகம் 2018 முதலும் இயங்குகின்றன. எல்லையைத் தாண்டினால் தமிழ். சத்தியவேட்டிலோ தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. ஒரு பருவத்துக்கு ஒரு பொறியியல் மாணவரும் ஒரு மொழியியல் மாணவரும் சேர்ந்து ஒரு பட்டறையில் உட்காரலாம். செய்து முடித்த ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் நீளம், குழாயின் விட்டம், இருமுனைக் கோணம், விட்ட இடைவெளி ஆகியவற்றையும், செய்தவர் அவற்றைச் சொன்ன சொற்களையும் ஒரே தாளில் எழுதலாம். அவர் இசைந்தால் அவர் பெயரை ஆசிரியர் வரிசையிலேயே இடவேண்டும், அடிக்குறிப்பு நன்றியில் அன்று.