பழைய பதிவுகளைப் பாதுகாப்போம்

பெருங்கோள்களை ஒட்டிச் சுற்றும் சிறு துணைக்கோள்கள் எளிதில் அகப்படுவதில்லை. கோளின் பேரொளி அவற்றை மூடிவிடும். வேகமாகச் சுற்றுவதால், நெடுநேரம் ஒளியைச் சேர்த்தால் புள்ளி கோடாக இழுபடும். ஆகவேதான் இவற்றுள் முக்கியமான சில, படம் எடுத்துப் பல ஆண்டுகள் கழித்தே கண்டறியப்பட்டன.

சனியின் வளையத்திலுள்ள என்கே இடைவெளியின் விளிம்புகளில் அலைகள் தெரிந்தன. அவற்றை எழுப்பும் துணைக்கோள் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்ட மார்க் ஷோவால்டர், வாயேஜர் 2 1981-இல் எடுத்த படங்களை அலசி, 1990-இல் பான் என்னும் துணைக்கோளைக் கண்டார். அதே விண்கலத்தின் 1986-ஆம் ஆண்டு யுரேனஸ் படங்களில் எரிக் கார்கோஷ்கா 1999-இல் பெர்டிடாவைக் கண்டார். வேறு சான்று கிடைக்காததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட அதை, 2003-இல் ஹப்பிள் உறுதிசெய்தது.

ஹிப்போகேம்ப் நமக்கெல்லாம் பாடம். சுமார் 34 கி.மீ. குறுக்களவுள்ள அது, நெப்டியூனை ஒரு நாளுக்குள் சுற்றிவிடுகிறது. அக்கோளின் வளைய வில்களை ஆராய்ந்த ஷோவால்டர், சுற்றுவேகத்துக்கு ஏற்ப ஒவ்வொரு படத்தின் புள்ளிகளையும் நகர்த்தி, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார். இழுபட்டிருக்க வேண்டிய ஒளி ஒரே இடத்தில் குவிந்தது. 2004 முதல் 2009 வரை ஹப்பிள் எடுத்த 150-க்கும் மேற்பட்ட படங்களில் அந்தப் புள்ளி இருந்தது. 2013 வரை யார் கண்ணிலும் படவில்லை.

நமக்கு அருகிலும் சான்று உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை ஒட்டிக் கடந்தபோது, காவலூர் வானாய்வகத்தில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் விண்மீன் ஒளி சட்டெனக் குறைந்ததைப் பதிவு செய்தனர். முதலில் துணைக்கோள் என்று கருதப்பட்டது, பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது வளையம் என்று தெளிவானது. பதிவு நேரம் துல்லியமாக இல்லையென்றால் அந்த ஒப்பீடே நடந்திருக்காது.

திருத்திய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படத்தை அழிப்பது, நாளைய ஆய்வாளரின் கையைக் கட்டிப்போடுவதாகும். இன்று நாம் இரைச்சல் என்று ஒதுக்குவதில் என்ன இருக்கிறது என்பதை நாளைய கணக்கீட்டு முறைதான் சொல்லும். மூலப்படம், நேரக்குறிப்பு, பயன்படுத்திய வடிகட்டி, கருவியின் அளவுத்திருத்தக் கோப்புகள், அன்றைய நோக்கீட்டுக் குறிப்பேடு ஆகிய ஐந்தும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

நோக்கீட்டை அடிப்படையாகக் கொண்டு இனி இவ்விதழுக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையும், இவை எங்கே சேமிக்கப்பட்டுள்ளன, பிறர் எப்படிப் பெறலாம் என்பதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்ப மாட்டோம்.

– ஆசிரியர்