தெரிவு யாருடையது?

பிறக்கவிருக்கும் பிள்ளையின் இயல்புகளை முன்கூட்டியே ஆராய்ந்து, வேண்டியதை ஏற்று வேண்டாததைத் தள்ளுவது பெற்றோரின் தனிமனித சுதந்திரம் என வாதிடுவோர் எம்மிடையேயும் உளர். அச்சுதந்திரம் நடைமுறையில் யாருக்குப் பணிபுரிந்தது என்பதை இந்தியாவிற் காணலாம்.

1970களின் நடுப்பகுதியில், கருவைச் சூழ்ந்த நீரை ஊசியால் எடுத்து ஆராயும் பரிசோதனை அங்கு அறிமுகமானது. பரம்பரைக் குறைபாடுகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். தலசீமியா போன்ற நோயிலிருந்து தன் பிள்ளையைக் காக்க விரும்பும் தாயை எவரும் குறைகூறார். ஆனால் அதே ஊசி, கரு ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும்! சந்தை அதனை விரைவிலேயே கண்டுகொண்டது. பரிசோதனைக் கட்டணத்தை வருங்கால வரதட்சணையோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு விளம்பரங்கள் அழைத்தன. 1988இல் மகாராட்டிர மாநிலமும் 1994இல் இந்திய நாடாளுமன்றமும் சட்டமியற்றின. பயன் யாது? ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண்பிள்ளைகளுக்கு 1991இல் 945 பெண்பிள்ளைகள், 2001இல் 927, 2011இல் 920இற்கும் குறைவு.

இதில் எத்தனை தாய்மார் தாமாகத் தெரிவுசெய்தனர்? கணவனும் மாமியாரும் வரதட்சணையுமே பெரும்பாலும் தெரிவுசெய்தன. (படித்த குடும்பங்களும் இதிற் பின்நிற்கவில்லை என்பதைப் பட்டதாரிகளாகப் போகும் நாம் மறத்தலாகாது.)

இன்று அமெரிக்காவில், ஆய்வுகூடத்தில் உருவாகும் முளையங்களுள் உயரமும் அறிவும் மிக்கதைக் காட்டித் தருவதாகச் சில நிறுவனங்கள் விலைபேசுகின்றன. அறிவு ஒரு மரபணுவில் அடங்குவதன்று. ஆயினும் வாங்குவோர் உளர். மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' கேட்பதும், சீதனத்தை எண்ணி வாங்குவதும் எம்மவர் வழக்கம். அத்தகைய எம் கைக்கு இவ்வித்தை வந்துசேருமாயின், கலியாணத் தரகர் முளையத்துக்கும் குறிப்புப் பார்ப்பர்.