ஆயாவுக்கு வாசலில் தடை! சம்பளத்துக்கும் தடையா?

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருந்து, காந்தி ரோடு பட்டுக்கடைக்காரர் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போகிறார் ஓர் ஆயா என்று வைத்துக்கொள்வோம். மகளின் பிரசவத்துக்காக மஸ்கட் போனார். ஒரு மாசம் பத்தியச் சோறு ஆக்கிப்போட்டுத் திரும்பினார். மறுநாள் காலை வேலைக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார் வீட்டுக்காரம்மா.

"ஆயாம்மா, வெளிநாடு போயிட்டு வந்திருக்கீங்க. கைக்குழந்தை இருக்கிற வீடு. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

"சரிம்மா. சம்பளம்?"

பதில் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டார்!

பயம் நியாயமானதுதான். தமிழகத்தின் முதல் கொரோனா நோயாளி என்று 2020 மார்ச் 7-ந் தேதி அறிவிக்கப்பட்டவரே, ஓமனில் இருந்து திரும்பிய காஞ்சீபுரத்துக்காரர். அதன்பின் வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்குக் கையில் முத்திரை, வாசலில் ஸ்டிக்கர், 14 நாள் வீட்டுக்காவல். உள்ளே புகுந்த கிருமி தலைகாட்ட 14 நாள் வரை ஆகலாம் என்பது கணக்கு. (தறியே கூடத்தை அடைத்துக்கொள்ளும் நெசவாளி வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? அதை யாரும் கேட்கவில்லை.)

அந்த உத்தரவு இப்போது இல்லை. 2022 பிப்ரவரியிலேயே கட்டாய வீட்டுத் தனிமையை மத்திய அரசு எடுத்துவிட்டது. இப்போது முடிவு வீட்டுக்காரம்மா கையில்!

காய்ச்சல், இருமல், உடம்பில் தடிப்பு இருந்தால் ஆயா ஒரு நாள்கூட வரக்கூடாது. டாக்டர் சரி என்ற பிறகே வரவேண்டும். ஒன்றும் இல்லை என்றால் ரெண்டு வாரம் நிறுத்துவானேன்? குழந்தைக்கு 9 மாசம் ஆகவில்லை என்றால் சங்கதி வேறு. தட்டம்மை ஊசியே 9 மாசம் முடிந்த பிறகுதான் போடுகிறார்கள். அந்த வீட்டில் ரெண்டு வாரம் கேட்டால் தப்பில்லை.

ஆனால் எஜமானர் சிங்கப்பூர் போய்விட்டு வந்தால், மறுநாளே கல்லாவில் உட்காருகிறார். ராத்திரி அதே குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார். அவருக்கு எத்தனை நாள்?

சம்பளம் கட்!

நிற்கச் சொல்பவர்தான் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். காப்பாற்றப்படுவது அவர் குழந்தை. செலவு மட்டும் ஆயா தலையிலா? இ.எஸ்.ஐ. உள்ள கம்பெனித் தொழிலாளி நோயில் படுத்தால், வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வீட்டு வேலை செய்பவருக்கு அது இல்லை. தமிழகத்தில் 2007-ல் அவர்களுக்கென்று நல வாரியம் வந்தது. பிள்ளை படிப்புக்கும் கல்யாணத்துக்கும் உதவித்தொகை உண்டு. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது.

அரை மாசச் சம்பளம் போனால் என்ன நடக்கும்? அடுத்த தடவை மஸ்கட் போனதையே ஆயா சொல்லமாட்டார். "தங்கச்சி ஊருக்குப் போயிருந்தேம்மா" என்பார். உடம்பு கதகதவென்று இருந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வந்து குழந்தையைத் தூக்குவார்!

எத்தனை நாள் நிற்பது, அதற்கு எவ்வளவு பணம் என்று ஆயா பிளேன் ஏறும் முன்பே பேசி முடிக்கவேண்டும். பாதிப் பணத்தை அப்போதே கையில் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.