தொடக்கப் பள்ளியும் நூல் நிலையமும்

உறையூர் என்றவுடன் தமிழ் பயில்வார் உள்ளத்தே முதற்கண் தோன்றுவன சோழரது பழம்பதியும் அதன் அறங்கூறவையமுமாம். எமக்கோ அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட புலவர் நிரையே முன்னே தோன்றுகின்றது. ஏணிச்சேரி முடமோசியார், மருத்துவன் தாமோதரனார், இளம்பொன் வாணிகனார், முதுகண்ணன் சாத்தனார், முதுகூத்தனார் என்று தொகை நூல்களிற் காணப்படும் இவருள் ஒருவர் மருத்துவர், மற்றொருவர் பொன் வாணிகர் என்பது அவர்தம் பெயரானே பெறப்படும். பல தொழிலினரும் நூலோடு பழகிய ஊர் அது என்று எண்ணுதற்கு இடமுண்டு. அப்பெருமையைப் பேசி மகிழ்தல் எளிது. விழாதோறும் பேசியும் வருகின்றோம். அதே உறையூரில் இன்று எட்டு வயதுப் பிள்ளையொன்று, பாடப் புத்தகம் அல்லாத ஒரு நூலைத் தன் வீட்டிற்கு எடுத்துச் செல்ல முடிகின்றதா என்பதே யாம் ஈண்டு எழுப்பக் கருதிய வினா.

வாரத்தில் ஒரு பிற்பகல் எம்முட் சிலர் அப்பகுதியிலுள்ள தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளோடிருந்து படித்து வருகின்றோம். ஒரு பள்ளியில் நூல் நிலையம் எங்கே என்று வினவினோம். இரும்பு அலமாரி ஒன்றைக் காட்டினர். உள்ளே இருநூறு நூல்கள் இருக்கலாம். அட்டை மடங்கவில்லை, மையும் எண்ணெயும் படவில்லை, அச்சகத்து மணம் மாறாதன சில. திறவுகோல் தலைமையாசிரியரிடம் இருந்தது. அவரைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. நூலொன்று காணாமற் போயின் அதன் விலையைத் தம் கைப்பொருளினின்று கட்ட நேரும் என்று அவர் அஞ்சுகின்றார். இருப்புப் பதிவேட்டில் எண்ணும் அலமாரியில் எண்ணும் ஒத்திருந்தால் தணிக்கைக்கு வருவோர் மனநிறைவோடு செல்வர். நூல்களைப் பிள்ளைகள் படித்தனரா என்று வினவுவதற்கு அப்பதிவேட்டில் ஒரு பத்தியும் இல்லை.

சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூல் நிலையத்தை நடத்திய எஸ். ஆர். அரங்கநாதன், 1931 இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல்கள் பயன்படுதற்கே உள்ளன என்பது அவற்றுள் முதலாவது. முற்கால ஐரோப்பியர் தம் நூல்களை அலமாரியோடு சங்கிலியாற் பிணைத்து வைத்த வரலாற்றை அவர் அவ்விதியை விளக்குமிடத்தே எடுத்துக்காட்டுகின்றார். சங்கிலி போயிற்று, பூட்டுப் போகவில்லை. அவ்விதிகள் நூலுருப் பெற்ற அதே ஆண்டில் மன்னார்குடியிலே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊரூராகக் கொண்டு சென்றனர் என்பதையும் இங்கு நினைத்தல் தகும். மழையும் புழுதியும் வழிப்போக்கர் கையும் அந்நூல்களுக்கு அச்சந்தராமலா இருந்திருக்கும்?

சட்டமும் இன்று பிள்ளைகள் பக்கமே நிற்கின்றது. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழும் பருவ இதழ்களும் கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட பல்துறை நூல்களும் கொண்ட நூல் நிலையம் இருத்தல் வேண்டும் என்கின்றது. நூலிழப்பைப் பற்றியோவெனின், மைய அரசின் 2017 ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஓராண்டில் வழங்கப்பெறும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் தொலைதல் இயல்பே என்று ஏற்றுக்கொள்கின்றன. வஞ்சகமோ கவனக்குறைவோ காரணமாதல் கூடாது என்றும், ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் ஆராய்தல் வேண்டும் என்றும் மட்டுமே வரையறுக்கின்றன. பிள்ளைகளுக்குரிய படக்கதை நூல்களின் விலை இவ்வெல்லைக்கு எத்துணைக் கீழ்ப்பட்டது என்பது யாவரும் அறிந்ததே. இவ்விதி மைய அரசின் அலுவலகங்களுக்கு உரியது. எனினும் கற்றறிந்த அதிகாரிகள் கூடிப் படிக்கும் நூல் நிலையத்திலேயே ஆயிரத்திற்கு ஐந்து தொலையலாமெனின், பால்பற்கள் விழாத பிள்ளைகள் படிக்குமிடத்தில் பத்தாவது தொலைதல் வேண்டாவா? ஒரு நூலும் தொலையாத தொடக்கப் பள்ளி நூல் நிலையம் நன்கு நடைபெறாத நூல் நிலையம் என்பதே எம் துணிபு. இதனைத் தொடக்கக் கல்வித் துறையார் எழுத்தினால் உறுதி செய்து ஆசிரியரது அச்சத்தை நீக்குதல் வேண்டும்.

இனி, பூட்டுத் திறந்தபின் ஆங்கு நடக்கத்தக்கது யாது? வரிசையில் அமர்ந்து வாய்மூடிப் படித்தலே நூல் நிலையத்து ஒழுங்கு என்று கருதுவோர் உளர். பெரியோர்க்கு அது பொருந்தும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு நாவும் கையும் உடன் தொழிற்பட்டாலன்றி நூல் உள்ளத்துட் புகாது.

யாம் கண்டவற்றுள் எம்மைப் பெரிதும் கவர்ந்தது வழங்கற் பதிவேடாகும். பிறிதொரு பள்ளியில் அதனை நான்காம் வகுப்புப் பிள்ளைகளே எழுதுகின்றனர். நூற்பெயர், கொண்டு சென்றவர் பெயர், நாள், திருப்பித் தரவேண்டிய நாள் என நான்கு பத்திகள். எழுதுகின்ற பிள்ளை நூலின் அட்டையைப் பார்த்துப் பெயரைப் பிழையற எழுத முயல்கின்றது. றகரமோ ரகரமோ என்ற ஐயம் எழுந்தால் எடுக்க வந்த பிள்ளையும் குனிந்து பார்க்கின்றது, இருவரும் வழக்காடுகின்றனர். ஏழு நாள் கூட்டும்போது திங்கள் முடிந்துவிட்டால் முப்பதா முப்பத்தொன்றா என்ற கணக்கு வருகின்றது. நாட்கடந்து வந்தவனை, 'எந்தப் பக்கம் வரை படித்தாய், கதையைச் சொல்' என்று பதிவேட்டுக்காரி அதட்டுகின்றாள். தண்டம் அதுவே, காசன்று. எழுத்தும் எண்ணும் பேச்சும் ஒரு மணி நேரத்தில் ஒருங்கே பயிலப்பட்டமையை அப்பிள்ளைகள் அறியார். அறியாமையே நன்று.

இம்முறை புதியதென்று எவரும் எண்ணற்க. சென்னை எழும்பூரில் படைவீரர் தம் ஆதரவற்ற ஆண்மக்களுக்காக 1789 இல் தொடங்கிய பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் கைக்கொண்டார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். சென்னை முறை என்று அது இங்கிலாந்து சென்று பரவிற்று. நாம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையிடம் பிரம்பைக் கொடுத்திருந்தோம். அவனிடம் பதிவேட்டைக் கொடுத்திருக்கலாம்.

மற்றொன்று, பிள்ளைகள் தாமே நூல் செய்தல். வெக்காளியம்மன் கோயிற் கருவறைக்குக் கூரையின்மை பற்றியும், உறையூரில் மண்மாரி பெய்தமை பற்றியும் அவ்வூர்ப் பாட்டிமார் கூறும் கதையை ஒரு சிறுமி கேட்டு வந்து எழுதினாள். பதினாறு பக்கம், படம் உட்பட. நூலால் தைத்து, எண்ணிட்டு, அலமாரியில் வைத்தனர். அச்சிட்ட நூல்களினும் அதற்கே கேட்போர் மிகுதி. அச்சிறுமியின் பெயர் அட்டையில் இருப்பதே காரணம் என்று யாம் நினைத்தோம். 'எங்கள் தெரு இதில் வருகிறது' என்று ஒருவன் கூறிய பின்னரே உண்மை விளங்கிற்று.

அரசினர் ஒன்றும் செய்திலர் என்று கூறுதல் அறமன்று. 2023 இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்திற் சிறு சிறு கதை நூல்களை நுழை, நட, ஓடு, பற என நால்வகையாகப் பிரித்து வழங்கினர். நான்கும் ஏவல் வினை என்பது தமிழ் மாணவராகிய எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. மதுரையில் 2023 இல் பெருநூலகம் எழுந்தது. திருச்சிராப்பள்ளிக்கும் அத்தகையதொன்று 2024 இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பெற்றது. இவை வேண்டுவனவே. ஆயினும் உறையூர்ப் பிள்ளை மாநகரின் பெருநூலகத்திற்குத் தந்தையின் கைபற்றி ஆண்டுக்கொருமுறை செல்லக்கூடும். தன் வகுப்பறை அலமாரிக்கு நாள்தோறும் தானே செல்லும். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக இன்றும் தண்டப்படுகின்றது. அவ்வரியால் நடைபெறும் கிளை நூலகமும் அதன் அண்மையிலுள்ள தொடக்கப் பள்ளியும் ஒன்றையொன்று அறியாமல் இருத்தல் ஏன்? திங்களுக்கு ஐம்பது நூல் மாற்றிக் கொடுத்தாற் போதுமே.

ஓராசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை மேய்க்குமிடத்தில் இவற்றிற்கெல்லாம் நேரமேது என்பர். வலிய தடையே. அதற்கு எம்மிடம் உள்ள விடை, எம்மைப் போன்றோர் செல்லுதல் வேண்டும் என்பதே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இளமையில் இதே திரிசிரபுரத்துத் தெருக்களில் பரதேசி ஒருவரைப் பின்தொடர்ந்து திரிந்து தண்டியலங்காரம் பாடங்கேட்டார் என்று உ. வே. சாமிநாதையர் அவர் சரித்திரத்தில் எழுதியுள்ளார். நூலைத் தேடி மாணவர் அலைந்த காலம் அது. நூலும் படித்தோரும் பிள்ளையைத் தேடிச் செல்லுதற்குப் பேருந்தும் மிதிவண்டியும் உள்ள காலம் இது.

ஆதலின் நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு விழாவிற் போர்த்தும் பொன்னாடைகளில் இரண்டு குறையட்டும். அவ்விலைக்குக் காடாத்துணியும் தையல் நூலும் பசைமாவும் ஒரு பள்ளிக்கு ஓராண்டிற்குப் போதிய அளவு வாங்கலாம். கிழிந்த நூல்களை ஒட்டுதற்கு ஆள் தேட வேண்டா. கஞ்சிப் பசை காய்ச்சத் தெரிந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே நிரம்ப உள்ளனர்.