காணிக்கு விலை, வீட்டுக்கு யந்திரம்

2025 செப்டெம்பர் மழையில் நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மறுநாளே படமெடுக்க ஆட்கள் வந்தார்கள், அறிக்கைகள் வந்தன, யார் பொறுப்பு என்ற தர்க்கமும் தொடங்கியது. தனியார் காணி என்றது ஒரு பக்கம், தொல்லியல் திணைக்களம் தூங்கியது என்றது இன்னொரு பக்கம். பருத்தித்துறை வீதியால் நாளாந்தம் போய்வரும் எவருக்கும் அந்தக் கட்டடம் எந்த நிலையில் நிற்கிறது என்பது வருடக்கணக்காகத் தெரியும். யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னனின் மந்திரி குடியிருந்த மனை என்பது ஊர் வழக்கு. இப்போது நிற்பது அவ்வளவு பழையதல்ல என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எந்த நூற்றாண்டு என்று தீர்ப்பதற்குள் சுவர் முந்திக்கொண்டது.

மந்திரிமனைக்காவது ஒரு பெயர் இருக்கிறது. விழுந்தால் செய்தியாகும். நாம் இங்கே எச்சரிக்க நினைப்பது பெயரில்லாத வீடுகளைப் பற்றி. வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் கரவெட்டியிலும் வேலணையிலும் ஒழுங்கைக்கு உள்ளே, பூட்டிய படலைக்குப் பின்னால் நிற்கும், நடுவே முற்றம் வைத்த நாற்சார் வீடுகள் ஒவ்வொன்றாக விலைப்படுகின்றன. உறுதி எழுதுவது காணிக்கு. பரப்புக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கிறார்கள். வீதிக்கரையா, நல்ல தண்ணீரா, உறுதி சுத்தமா என்று மூன்று கேள்வி கேட்கிறார்கள். வீட்டைப் பற்றி வாங்குபவர் கேட்பது ஒன்றே ஒன்று: இடித்துத் துப்புரவாக்கித் தருவீர்களா?

இடிப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஓடு இறங்கும். கள்ளிக்கோட்டை ஓடு என்றால் தனியாக அடுக்கப்படும், வாங்க ஆள் இருக்கிறது. பிறகு சிலாகை, பனை வளை, தீராந்தி. அதன்பின் தூண்கள். உள்முற்றத்தைச் சுற்றி நின்று நாலு பக்கக் கூரையையும் தாங்கிய மரத்தூண்கள், போதிகையில் தச்சனின் உளி பட்ட பூவேலையோடு, லொறியில் படுத்துக் கிடக்கும். சித்திர வேலைப்பாடுள்ள தலைவாசல் கதவு நிலையோடு பெயர்க்கப்படும். இவை பழைய மரம் வாங்குவோரிடம் போய், பிறகு எங்காவது ஒரு விடுதியின் வரவேற்பறையில் அலங்காரமாக நிற்கும். கடைசியாகத்தான் யந்திரம் வரும். சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த அந்தத் தடித்த சுவர் விழ அரை நாள் போதும். மாலையில் அந்த இடத்தைப் பார்த்தால் கிணறும் ஒரு மாமரமும் மிஞ்சியிருக்கும், அதுவும் வாங்கியவர் நல்லவராக இருந்தால்.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் இந்த மண்ணின் வெக்கையையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் அறிந்தவர்கள். மாரியில் நாலு கூரையின் நீரும் பீலி வழியே முற்றத்துக் கிடாரத்தில் விழும். கோடையில் சூடேறிய காற்று முற்றத்தால் மேலே போக, விறாந்தையில் குளிர்ச்சி தங்கும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத, நிலத்தடி நீரையே பெரிதும் நம்பிய குடாநாட்டில் இது ஆடம்பரம் அன்று. இன்று அதே வளவில் எழும் கொங்கிறீற் வீட்டுக்கு மூன்று குளிரூட்டி வேண்டியிருக்கிறது. வாசலில் சங்கடப்படலை வைத்து, தெருவால் போகிறவனுக்கு நிழலும் சில இடங்களில் தண்ணீரும் கொடுத்த கட்டடக்கலை இது. அதே நேரம், சாதியின் பெயரால் பலரைப் படலைக்கு அப்பால் கால்வைக்க விடாத வீடுகளும் இவற்றில் உண்டு. அதை மறைத்துப் புகழ்பாட நாம் தயாரில்லை. அந்தக் கணக்கைக் கேட்பதற்கும் வீடு நிற்க வேண்டும். திண்ணை எங்கே முடிந்தது, யாருக்கு எதுவரை அனுமதி என்பதை அந்தத் தரையே காட்டும்.

விற்பவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம், நியாயமில்லை. முதிசக் காணி ஐந்து பிள்ளைகளுக்கு. ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் மெல்பேர்னில். யாருக்கும் திரும்பிவரும் எண்ணமில்லை. பார்த்துக்கொள்ள வைத்த தூரத்து உறவுக்கும் வயதாகிவிட்டது. ஓட்டை மாற்றினால் வளையில் கறையான், வளையை மாற்றினால் சுவரில் வெடிப்பு. சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த மேசன் கிடைப்பதில்லை. சீமெந்து பூசினால் அந்தக் கல் மூச்சுவிட முடியாமல் உப்புப் பொரிகிறது. கடைசியில் அற்றோணித் தத்துவம் ஒன்று எழுதி அனுப்பிவிட்டு ஆறுதலடைகிறார்கள். போர் அழித்தது ஒரு பங்கு. வலிகாமம் வடக்கில் 1990 இல் வெளியேறியவர்களில் பலர், படையினரிடமிருந்து காணி விடுபட்டுத் திரும்பியபோது அத்திவாரத்தைக்கூடக் காணவில்லை. அந்த அழிவுக்குப் பின் மிஞ்சியவற்றை இப்போது நாமே ஒப்பமிட்டுக் கொடுக்கிறோம்.

சட்டம் என்ன செய்கிறது? 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஐ எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. அது கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள். யாழ்ப்பாண இராச்சியம் 1619 இலேயே போர்த்துக்கேயரிடம் வீழ்ந்துவிட்டது. இங்கே நிற்கும் நாற்சார் வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் எழுந்தவை. கண்டியின் நாட்காட்டி எங்கள் வீடுகளுக்குப் பொருந்துமா? பிந்திய கட்டடங்களையும் வர்த்தமானியில் அறிவித்துக் காக்க வழி இருக்கிறது. ஆனால் யாராவது தேடிப்போய்ப் பட்டியலிட்டால்தானே அறிவிக்க முடியும்? வர்த்தமானி மட்டும் கூரையைத் தாங்காது என்பதற்கு மந்திரிமனையே சாட்சி.

இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பழைய மாளிகை விலைக்கு வரும்போது, அது பட்டியலிடப்பட்ட கட்டடமானால் அந்தப் பொறுப்பும் உறுதியோடு சேர்ந்தே கைமாறுகிறது. அனுமதியில்லாமல் இடித்தால் அது குற்றம். அவர்கள் பிறவியிலேயே பொறுப்பானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இருபதாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கில் இடித்துத் தள்ளியவர்கள்தான். 1974 இல் லண்டன் விக்டோரியா அண்ட் அல்பேர்ட் அரும்பொருளகம் இழந்த மாளிகைகளை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தியது. ஆயிரத்துக்கு மேற்பட்டவை போயிருந்தன. கட்டடங்களைப் பட்டியலிடும் முறைக்கு அங்கே வலுவான அடித்தளம் இட்டது 1947 ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம்.

அதே 1947 இல் இங்கே நடந்ததையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின்படி ஒருவர் காணியை விற்பதென்றால் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், காணியை ஈட்டுக்குப் பிடித்திருந்த அயலவருக்கும் முன்கூட்டி அறிவிக்க வேண்டியிருந்தது. முதலில் வாங்கும் உரிமை அவர்களுடையதாக இருந்தது. 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த நூலிலேயே இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த உரிமையைக் கூட்டு உரித்தாளருக்கும் வாரிசுகளுக்கும் என்று சுருக்கி, அயலவரைக் கழற்றிவிட்டது. அதற்கும் நியாயங்கள் இருந்திருக்கலாம். ஆனாலும் விற்கமுன் அறிவி என்பது வெளிநாட்டிலிருந்து இறக்கிய யோசனை அல்ல, யாழ்ப்பாணத்தின் சொந்த வழக்கம். நூறு வயது கடந்த வீட்டுக்கு அந்த அறிவித்தல் ஊருக்கும் போகட்டும் என்பதே நமது கோரிக்கை.

காலிக் கோட்டை 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. 1994 இல் அதற்கென்றே ஒரு மரபுரிமை மன்றம் சட்டத்தால் அமைந்தது. அங்கேயும் வீடுகள் தனியாருடையவைதான், விற்கிறார்கள், வாங்குகிறார்கள். இடித்து மாடி எழுப்ப மட்டும் நினைத்தபடி முடியாது. தமிழ்நாட்டின் செட்டிநாடோ இரண்டு பாடத்தையும் ஒன்றாகக் காட்டுகிறது. கானாடுகாத்தானில் சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்துக்கொண்டன. மற்றவை பல பகுதி பகுதியாகப் பிரிந்து காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. யாழ்ப்பாணத்திலும் சுற்றுலா விடுதியாக மாறிய பழைய வீடுகள் ஒன்றிரண்டு உண்டு. எல்லாவற்றையும் விடுதியாக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம். பாலர் பாடசாலை, வாசிகசாலை, ஊர்ச்சங்கம் என்று ஒரு வீட்டுக்கு நூறு உபயோகம் இருக்கிறது.

2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் யாழ் மாநகர சபையிலும் பிரதேச சபைகளிலும் மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கிறார்கள். கொழும்புக்காகக் காத்திருக்காமல் அவர்கள் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. வட்டாரம் வட்டாரமாகப் பழைய வீடுகளைப் பதிவுசெய்ய யாழ் பல்கலைக்கழக மாணவர்கள் போதும். புதிய கட்டட அனுமதி கேட்டு வரும்போது, அந்தக் காணியில் ஏற்கெனவே என்ன நிற்கிறது என்று படிவத்தில் ஒரு வரி கேட்கலாம். பட்டியலில் உள்ள வீட்டைப் பராமரிப்பவருக்கு ஆதனவரியில் சலுகை கொடுக்கலாம். வடமாகாணத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சுண்ணாம்பு வேலையும் பழைய மரவேலையும் கற்பிக்க ஒரு சிறு வகுப்புத் தொடங்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை.

புலம்பெயர்ந்த உரித்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோடை விடுமுறையில் விற்பனையை முடித்துவிட்டுத்தான் போவது என்று சிலர் முடிவோடு வருவீர்கள். விற்பது உங்கள் உரிமை. நொத்தாரிசு முன்னால் ஒப்பமிடுவதற்கு முன் வீட்டை அளந்து வரைபடம் எடுக்கச் சொல்லுங்கள், படமெடுக்கச் சொல்லுங்கள், பழைய உறுதிகளின் பிரதி ஒன்றை நூலக நிறுவனம் போன்ற ஆவணகத்துக்குக் கொடுங்கள். கட்டியவர் யார், தச்சர் எந்த ஊர் என்று தெரிந்த முதியவர் இருந்தால் குரலைப் பதிவுசெய்யுங்கள். வீட்டை வீடாகவே வாங்க ஆள் உண்டா என்று ஊரில் ஆறு மாதமாவது விசாரியுங்கள்.