"காசு முழுசா போயிடுச்சு... கிச்சன் இன்னும் வரல!" - மாடுலர் கிச்சன் கனவில் எங்கே சறுக்குகிறோம்?

போன மாசம் பெரும்பாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில், டி.வி-க்குப் பக்கத்தில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. அதன் கீழே தரையில் குக்கர், அஞ்சறைப் பெட்டி, எண்ணெய் பாட்டில். கிச்சனை எட்டிப் பார்த்தால், பிரிக்காத அட்டைப் பெட்டிகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன.

"இன்னும் எத்தனை நாள்க்கா?"

"அது அவங்களுக்குத்தான் தெரியும். லோடு ஏத்துறதுக்கு முன்னாடியே முழுக் காசையும் வாங்கிட்டாங்க. இப்போ போன் பண்ணா, 'டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கோம் மேம்'னு சொல்றாங்க."

பிரச்னை பெரிதாக ஒன்றுமில்லை, வெறும் ஒன்றரை அங்குலம்தான். பழைய டைல்ஸை உடைத்து, புது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே வந்து அளவெடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கச் சுவரிலும் பூச்சும் டைல்ஸும் ஏறியதில், ஃபேக்டரியில் இருந்து வந்த கேபினெட் வரிசை சுவர்களுக்கு இடையே நுழையவில்லை. யார் தவறு என்பதில் இழுபறி. ஆனால், பேரம் பேச அக்கா கையில் ஒன்றும் மிச்சமில்லை. பணம் ஏற்கெனவே போய்விட்டது.

வீட்டுக் கடன், இ.எம்.ஐ, அதற்கு மேல் இன்டீரியர் என்று இறங்கும் நம் வயதுக்காரர்கள் பலருக்கும் இது பழகிய கதையாகத்தான் இருக்கும். கலர், டிசைன், ஹேண்டில் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் யோசிக்கும் நாம், பணம் எப்போது கைமாறுகிறது என்பதை மட்டும் யோசிப்பதே இல்லை. சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆசாரி காலமும் ஆப் காலமும்

நம் அம்மாக்களின் கிச்சன் எளிமையானது. கடப்பா கல் தட்டுகள், அதன்மேல் சமையல் மேடை, தலைக்கு மேல் லாஃப்ட். கதவு போடணும்னா ஆசாரி வீட்டுக்கே வருவார். கண் முன்னால் அறுப்பார், இழைப்பார். சனிக்கிழமை சம்பளம். வேலை சரியில்லை என்றால் அந்தச் சனிக்கிழமையே பேச்சு வந்துவிடும்.

அதிலும் தலைவலி இல்லாமல் இல்லை. வீடு முழுக்கத் தூசு, பில் கிடையாது, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போய்விட்ட ஆசாரியைத் தேடி அலைவது எல்லாம் உண்டு. ஆனால் ஒரு விஷயம் நம் பக்கம் இருந்தது. வேலை முன்னால் போகும், காசு பின்னால் போகும்.

2014-ல் பெங்களூரில் தொடங்கிய லிவ்ஸ்பேஸ், ஹோம்லேன் போன்ற நிறுவனங்கள் வந்த பிறகு, டிசைன் முதல் பொருத்துவது வரை ஒரே இடத்தில் என்ற முறை பரவலானது. இன்று அதே பாணியில் சென்னை, கோவை, மதுரை என எல்லா ஊரிலும் உள்ளூர் நிறுவனங்கள் இருக்கின்றன. அக்கா பிடித்ததும் அப்படியொரு உள்ளூர் நிறுவனம்தான். இந்த முறையில் நிஜமான லாபங்கள் உண்டு. மெஷின் வெட்டு நேர்த்தியாக இருக்கும், வீட்டில் குப்பை குறையும், ஜி.எஸ்.டி பில் கிடைக்கும். ஆனால், வேலையும் காசும் இடம் மாறிவிட்டன. இப்போது காசு முன்னால் போகிறது, வேலை பின்னால் வருகிறது.

10-50-40: இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனிங்க

இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கும் கட்டண முறை இது: புக்கிங் செய்யும்போது 10 சதவிகிதம், டிசைனுக்கு ஓகே சொன்னதும் 50 சதவிகிதம், ஃபேக்டரியில் இருந்து பொருள் கிளம்பும் முன் 40 சதவிகிதம்.

உதாரணத்துக்கு, கொட்டேஷன் 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவிகித ஜி.எஸ்.டி சேர்த்தால் 4,72,000. புக்கிங்குக்கு 47,200. அடுத்தது 2,36,000. கடைசியாக 1,88,800. கூட்டிப் பாருங்கள். ஒரு கேபினெட்கூட வீட்டு வாசலுக்கு வராத நிலையில், மொத்தப் பணமும் போய்விட்டது.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் சுவர் அளவுக்கு வெட்டிய பலகையை வேறு யாருக்கும் விற்க முடியாது. பாதியில் வேண்டாம் என்றால் நஷ்டம் அவர்களுக்குத்தான். அதனால் தயாரிப்புக்கு முன் பெரிய தொகை கேட்பது புரிகிறது. ஆனால், பொருத்தும் வேலைக்கும் அதன் பிறகு வரும் குறைகளைச் சரிசெய்யவும் ஒரு ரூபாய்கூட நம்மிடம் மிச்சம் இருக்கக் கூடாது என்பதற்கு அந்த நியாயம் பொருந்தாது.

அதனால் கையெழுத்துக்கு முன்பே பேசிப் பாருங்கள். 10, 40, பொருள் வீட்டில் இறங்கியதும் 30, பொருத்தி முடித்ததும் 15, குறைகளை எல்லாம் சரிசெய்த பிறகு 5 என்று பிரிக்கலாம். எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குறைந்தபட்சம் 5 முதல் 10 சதவிகிதமாவது வேலை முடிந்த பிறகுதான் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கும் முடியாது என்று சொல்லும் நிறுவனம், தன் வேலையைத் தானே எவ்வளவு நம்புகிறது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

இன்னொன்று, '45 நாளில் கிச்சன்' என்கிற வாக்குறுதி. அந்த 45 நாள் எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் அட்வான்ஸ் கொடுத்த நாளில் இருந்து அல்ல. டிசைனில் கையெழுத்துப் போட்டு, பெரிய தவணையைக் கட்டிய நாளில் இருந்துதான். தாமதமானால் வாரத்துக்கு இவ்வளவு கழிவு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

3டி படம் வேற, டிராயிங் வேற!

நம்மைக் கவிழ்ப்பது அந்த 3டி படம்தான். மஞ்சள் லைட்டு, ஜன்னலில் செடி, மேடையில் ஒரே ஒரு பழக்கூடை. பார்த்ததும் ஓகே சொல்லத் தோன்றும். ஆனால், ஃபேக்டரிக்குப் போவது அந்தப் படம் இல்லை. அளவுகள் எழுதிய டிராயிங்தான் போகும். நீங்கள் படிக்க வேண்டியதும் அதைத்தான்.

வரிசை முக்கியம். முதலில் உடைப்பு, பிறகு தண்ணீர்க் குழாயும் மின்சார லைனும், பிறகு பூச்சு, டைல்ஸ். அதற்குப் பிறகுதான் கடைசி அளவு. அந்த அளவுக்குப் பிறகே தயாரிப்பு. பழைய வீடுகளில் சுவர் மூலைகள் சரியான செங்கோணமாக இருப்பது அபூர்வம் என்பதால், அளவெடுக்கும்போது நீங்களும் கூட நில்லுங்கள். எடுத்த அளவைத் தேதியோடு மெயிலில் வாங்குங்கள். அக்காவிடம் இந்த ஒரு மெயில் இருந்திருந்தால், பாதி இழுபறி இருந்திருக்காது.

அடுத்து, நம் சமையல் அந்த டிராயிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். வெட் கிரைண்டருக்கு இடம் எங்கே? அதைத் தினமும் கீழிருந்து தூக்கி வைக்கப் போகிறீர்களா? 26 கிலோ அரிசி மூட்டை எங்கே? இட்லிப் பானையும் பெரிய குக்கரும் டிராயர் உயரத்துக்குள் அடங்குமா? வழக்கமான மேடை உயரம் 32 முதல் 34 அங்குலம். ஆனால், தினமும் அங்கே நிற்கப்போவது யார்? அவர் முழங்கையை மடக்கி நிற்கும்போது, முழங்கைக்கு ஒரு நாலு விரற்கடை கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. அம்மா சமைக்கிறார் என்றால் அம்மாவை நிற்கவைத்து அளவெடுங்கள்.

சிலிண்டரையும் மறக்க வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். 14.2 கிலோ சிலிண்டரை மூடிய கேபினெட்டுக்குள் வைக்கிறார்கள் என்றால், கதவின் அடிப்பக்கத்தில் காற்று போகும் திறப்பு கட்டாயம் வேண்டும். சிம்னி குழாய் எத்தனை இடத்தில் வளைகிறது என்றும் கேளுங்கள். வளைவு கூடக் கூட இழுக்கும் திறன் குறையும்.

அப்பார்ட்மென்ட் என்றால் இன்னொரு கேள்வி. புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் செங்கல் சுவருக்குப் பதில் முழுக் கான்கிரீட் சுவர்கள். கட்டடத்தின் எடையே அவற்றின் மேல்தான். ஓப்பன் கிச்சன் ஆசையில் அதை உடைப்பது உங்கள் வீட்டோடு முடியும் விஷயம் அல்ல. பில்டரிடமும் அசோசியேஷனிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் சுத்தியலைத் தொட விடாதீர்கள்.

கொட்டேஷனில் இல்லாதது எது?

இரண்டு நிறுவனங்களின் சதுர அடி விலையை வைத்து ஒப்பிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் முன்பக்கக் கதவின் பரப்பை மட்டும் கணக்கிடுவார். இன்னொருவர் பெட்டியின் உள்பலகைகளையும் சேர்ப்பார். சதுர அடி விலை குறைவாகத் தெரிபவர், மொத்தத்தில் அதிகம் வாங்கலாம். ஒரே டிராயிங்கைக் கொடுத்து, மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

பிறகு, கொட்டேஷனில் எது இல்லை என்று பட்டியல் போடுங்கள். பழைய மேடையை உடைப்பது, குப்பையை வண்டியில் ஏற்றுவது, பிளம்பிங், புது பிளக் பாயின்ட், கிரானைட், சிங்க், குழாய், ஹாப், சிம்னி. பட்ஜெட் எகிறுவது பெரும்பாலும் இந்தப் பட்டியலால்தான்.

பலகை விஷயத்தில் 'வாட்டர் ப்ரூஃப்' என்ற வார்த்தையை நம்பாதீர்கள், நம்பரைக் கேளுங்கள். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டு ப்ளைவுட். ஐ.எஸ். 710 என்பது தண்ணீரைத் தாங்கும் மரைன் ப்ளைவுட். முதலில் ஊறிக் கெடுவது சிங்க்குக்குக் கீழே இருக்கும் கேபினெட்தான். எல்லா இடத்துக்கும் 710 கட்டுப்படியாகவில்லை என்றாலும், அங்கே மட்டுமாவது கேளுங்கள். பலகையில் ஐ.எஸ்.ஐ முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் நம்பரை, 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

'10 வருஷ வாரன்ட்டி' என்றால் எதற்கு என்று கேளுங்கள். கீலுக்கா, பலகைக்கா, பொருத்திய வேலைக்கா? தண்ணீர்ச் சேதம் அதில் அடங்குமா? நிறுவனமே இழுத்து மூடிவிட்டால், அது கொடுத்த வாரன்ட்டியும் அதோடு போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தகராறு வந்தா எங்கே போறது?

ஒருவர் தன்னை 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ள, 1972-ம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு வேண்டும். 'இன்டீரியர் டிசைனர்' என்ற பெயருக்கு அப்படியொரு சட்டம் இல்லை. விசிட்டிங் கார்டு அடித்தால் போதும். ஃபிளாட் விற்கும் பில்டரைக் கேள்வி கேட்க ரெரா இருக்கிறது. வீட்டுக்குள் கிச்சன் மட்டும் செய்யும் நிறுவனம் அதன் கீழ் வராது. லட்சக்கணக்கில் பணம் புழங்கும் ஒரு துறைக்குத் தனியாக ஒரு கண்காணிப்பாளர் இல்லை என்பதுதான் இன்றைய நிலைமை.

மிச்சம் இருக்கும் வழி, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நாம் நினைப்பதைவிட இது நமக்குச் சாதகமானது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்னை வந்த நாளில் இருந்து 2 வருடங்களுக்குள் கொடுக்க வேண்டும். நிறுவனம் வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். 'தகராறு எதுவானாலும் ஆர்பிட்ரேஷன்தான்' என்று ஒப்பந்தத்தில் அச்சடித்திருக்கிறார்களா? அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது. 2018 டிசம்பரில் எமார் எம்.ஜி.எஃப் வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்த நிலைப்பாட்டை உறுதி செய்திருக்கிறது. முதல் படியாக, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.

ஆனால், ஆணையம் கேட்பது ஆதாரம். ரொக்கமாகக் கொடுத்து, பில் இல்லாமல், வாய்ப் பேச்சில் முடித்த வேலைக்கு அங்கே பலம் குறைவு. பணம் வங்கி வழியாகவே போகட்டும். போனில் பேசியதை அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் மெசேஜாகத் தட்டிவிடுங்கள். சைட் போட்டோக்களைத் தேதியோடு வையுங்கள். சட்டம் சாதாரணமாக 3 மாதத்தில் முடிக்கச் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கும். அதுவரை ஹாலில்தான் சமைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் வழக்கைவிட, கையில் நிறுத்தி வைத்த அந்த 10 சதவிகிதம் பெரிய ஆயுதம்.

அக்காவின் கதை எப்படி முடிந்தது என்று கேட்கிறீர்களா? மூன்று வாரம் போன் அடித்துப் பார்த்துவிட்டு, தெருமுனையில் இருக்கும் ஆசாரியைக் கூப்பிட்டார். அவர் ஓரத்தில் இருந்த ஒரு கேபினெட்டை மட்டும் பிரித்து, ஒன்றரை அங்குலம் குறைத்து, இரண்டு நாளில் பொருத்திக் கொடுத்தார். செலவு அக்காவுடையதுதான். நிறுவனத்தோடு பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

"காசு எவ்ளோண்ணே?" என்று அக்கா கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "முதல்ல கதவைத் திறந்து மூடிப் பாரும்மா. சரியா இருந்தா அப்புறம் கொடு."